குறை வைக்காத அக்காவும் ஒரு பேட்டரியும்

அக்கா வீட்டில் எதுவும் தீர்ந்துபோய் நான் பார்த்ததில்லை. புனேயின் பாணேர் பகுதியில் எங்களுக்கு எதிர் ஃபிளாட். அரிசி டிரம், உப்பு ஜாடி, மஞ்சள் டப்பா, குடிதண்ணீர்ப் பாத்திரம், ஏன், பல் குத்தும் குச்சி வைக்கிற கிண்ணம்கூட விளிம்பு வரை நிறைந்திருக்கும். அரிசி, உப்பு, மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்லக் கூடாது என்பது நம்மில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். என் அம்மாகூட "உப்பு வாங்கணும்" என்பாளே தவிர "உப்பு இல்லை" என்று சொன்னதில்லை. ஆனால் அம்மாவிடம் அந்த வழக்கம் சமையலறையோடு நின்றது. அக்கா அதை வாசல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒரு மின்சாரக் காரிலும் ஏற்றி உட்காரவைத்துவிட்டார்.

கோயம்புத்தூர்க்காரர். கணவருக்குத் தாபோடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று புனே வந்தவர். கணவர் காலமாகி, மகனும் வேலை கிடைத்துப் பெங்களூர் போன பிறகு, தனியாக இருந்துகொண்டு இட்லி மாவு அரைத்து விற்றார். பாணேர், பாலேவாடி, வாகட் என்று ஐ.டி. வேலைக்கு வந்து குவிந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் காலையில் சாப்பிட்டது அக்காவின் மாவில்தான். முழங்கால் வலியில் ஸ்கூட்டர் ஓட்ட முடியாமல் போனதும், யாரோ தள்ளிவிட்ட ஒரு பழைய சின்ன மின்சாரக் காரை வாங்கினார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே மாவு வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, அவரே ஓட்டிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்து வருவார்.

நாங்கள் குடிவந்த அன்றே ஒரு தூக்குவாளி மாவு வந்தது. மூடியைத் திறந்தால் மாவு மூடியிலும் ஒட்டியிருந்தது, அவ்வளவு நிறைவு. "பாத்திரம் மாத்தி வெச்சுக்கோ அம்மிணி, பொங்கிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வீடு மாற்றிய அலுப்பில் நான் மாற்றவில்லை. காலையில் பார்த்தால் மாவு மேடையிலிருந்து வழிந்து, பிரிக்காமல் வைத்திருந்த புத்தகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மாவு விற்கிற உங்களுக்கு மாவு பொங்கும் என்று தெரியாதா என்று போய்க் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவருக்கா தெரியாது? தன் வீட்டில் அரைத்து வைக்கும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டார். அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் கை நிற்காது. என் கோபத்தைச் சமாதானப்படுத்த அன்று மாலை ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். அதுவும் தளும்பி என் புடவையில் கொட்டியது.

இப்படி ஒருவர் இருந்தால் சின்ன வயதில் ஏதோ பற்றாக்குறையில் கஷ்டப்பட்டிருப்பார் என்று நாம் நினைப்போம். நானும் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தேன். அக்காவின் அப்பா வசதியானவர், மாமியார் வீட்டிலும் குறைவில்லை. "காரணமெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி, கொறையா இருந்தா கண்ணுக்கு நல்லால்ல" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

காரும் அப்படித்தான் நிறைந்திருக்க வேண்டும். வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன் சார்ஜரைச் செருகுவார். பக்கத்து பேக்கரி வரை போய் வந்தாலும் செருகுவார். நூறு காட்டிய பிறகும் அது செருகியபடியே கிடக்கும். ஏப்ரல் வெயிலில், திறந்த பார்க்கிங்கில், காலை முதல் மாலை வரை, வயிறு முட்டச் சாப்பிட்டவனை வெயிலில் நிற்கவைத்த மாதிரி அந்த வண்டி நிற்கும். அது பேட்டரிக்கு ஆகாது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அந்த நூறைப் பார்த்தால் ஒரு நிம்மதி. அதைப் பார்த்துவிட்டுத்தான் பகலில் கொஞ்சம் கண் அயர்வார்.

பேட்டரிக்கு வயதான விஷயம் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. முதலில் வாகட் போய் வந்தால் பாதி மிச்சம் இருந்தது. பிறகு கால்வாசி. பிறகு ஏ.சி.யை நிறுத்தினார், பாட்டை நிறுத்தினார், சைக்கிள்காரர்கள் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். யாராவது வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "செத்த கொறையா இருக்குது" என்பார். தீர்ந்துபோகிறது என்ற வார்த்தை அந்த வாயில் வராது.

ஒருநாள் எனக்குப் பல்கலைக்கழகச் சதுக்கம் வரை போக வேண்டியிருந்தது. அக்கா அந்தப் பக்கம் புதிதாகப் பிடித்த ஒரு வீட்டுக்கு மாவு கொண்டுபோனார். நானும் ஏறிக்கொண்டேன். கால்வாசி காட்டிக்கொண்டிருந்த சார்ஜ், மேம்பால வேலை நடக்கிற இடத்தில் ஒரே இறக்கமாக இறங்கிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு பி.எம்.டி. டவுன் பஸ், அதற்குப் பின்னால் பாதிப் புனே. உச்சி வெயில். கண்ணாடியை இறக்கியும் பயனில்லை. மூடிய வாளிகளுக்குள் மாவு பொங்க ஆரம்பித்து, மூடிகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றன. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, என்ன ஆயிற்று மாவ்ஷி என்று, சித்தி முறை வைத்து மராத்தியில் கேட்டார். நடுரோட்டில், ஒரு அடி நகர மாட்டேன் என்று கிடக்கிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அக்கா தன் இந்தியில் அவரிடம் சொன்ன பதில்: "தோடா கமி ஹை, பாவு."

கொஞ்சம் குறைவாம், தம்பி. போலீஸ்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, என் மடியில் ஒரு வாளி வழிந்துகொண்டிருந்தது. அவரும் இரண்டு டெலிவரி பையன்களும் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அக்கா மூன்று பேருக்கும் மாவு கொடுத்தார். மாவை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தோசை வார்ப்பது எப்படி என்று அந்த ஓரத்தில் நின்றே கையைச் சுழற்றிச் சுழற்றிப் பாடம் நடத்தினார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பேட்டரியை முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். அக்கா வாங்கியதே பழைய வண்டி, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. புது பேட்டரிக்கு அவர்கள் சொன்ன விலை, அக்கா அந்த வண்டிக்கே கொடுத்த விலையைவிட அதிகம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி என்றார். அது முழங்கால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வண்டி இல்லாவிட்டால் மாவு இல்லை. மாவு இல்லாவிட்டால் பெங்களூர். மகன் நல்ல பிள்ளை, மருமகளும் நல்ல பெண், பேத்தி போனில் விடாமல் பேசும். ஆனால் அக்கா ஒருதடவைகூட அங்கே போய்த் தங்கியதில்லை. போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம். பாசத்தினாலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். "அங்க போயி நானு என்ன பண்றது? டிவி பாக்கறதா? அவிய ஊட்டு அரிசி டிரம்ம நானு ரொப்பினா அந்தப் புள்ளைக்கு நல்லா இருக்குமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். பேட்டரி விஷயம் தெரிந்ததும் மகன் தினமும் போன் செய்ய ஆரம்பித்தான். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்துவிடு என்பதுதான் பேச்சு. அக்கா ஒவ்வொரு தடவையும், வண்டிக்கு ஒன்றுமில்லை, செத்த குறையாக இருக்கிறது என்றே சொல்லிச் சமாளித்தார்.

ஏரவாடாவில் ஒரு பாய் இருந்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். விபத்தில் சிக்கிய கார்களை ஏலத்தில் எடுத்துப் பிரித்து விற்பது குடும்பத் தொழில். மின்சாரக் கார்கள் வந்ததும் இவர் பேட்டரி வேலைக்குத் தனியாகப் பயிற்சி எடுத்து, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் வாசலைப் பார்த்து மாட்டியிருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் எப்போதும் இரண்டு போன், பேச்சில் பூனா முழுக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்கிற தோரணை. அவர் வீட்டுக்கும் அக்கா மாவுதான் என்பதால் அக்கா முன்பே அவரிடம் வண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் குறைகிறது என்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம்தானே என்று பாயும் அப்போது பார்க்கலாம் என்றிருக்கிறார். இப்போது டோ வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க அரிசிக்குச் சொல்ற மாதிரி இதுக்கும் சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. பேட்டரி கோவிச்சுக்காது."

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் பேட்டரியை இறக்கித் திறந்து, உள்ளே இருந்த செல்களை ஒவ்வொரு கட்டாகச் சோதித்தார். அதற்குச் சில நாட்கள் பிடித்தன. பிறகு எங்களை வரச்சொல்லி விளக்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிறவர்களில் ஒருவர் உட்கார்ந்தால் மொத்தப் பேரும் நிற்க வேண்டியதுதானே, அந்த மாதிரி இரண்டு கட்டுகள் படுத்துவிட்டன, மற்றவை இன்னும் சில வருஷம் ஓடும் என்றார். அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் புத்தம் புதியதைப் போட்டால் பழையவற்றோடு ஒத்துப்போகாது. இதே மாதிரி, ஏறக்குறைய இதே வயதில், இன்னொரு வண்டி உடைக்க வரவேண்டும். வரும் வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தார். அந்த நாட்களில் மாவை ஆட்டோவில் கொண்டுபோனார். மழை ஆரம்பித்திருந்தது. வருகிற காசை ஆட்டோக்காரர் வாங்கிக்கொண்டு போனார், அக்காவுக்குக் கைவலிதான் மிச்சம். வாகட் வீடுகளை நிறுத்திவிடுங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. அங்கே ஒரு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இட்லி மட்டும்தான் சாப்பிடுகிறாளாம். பெங்களூரிலிருந்து மகன் டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று கேட்டான். முதல்தடவையாக அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த அம்மாள் போய்விட்டால் எதிர் வீட்டுக் கதவு சும்மா ஒரு கதவாகிவிடும் என்று அன்றைக்குத் தோன்றியது. புனேயில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி அவர்தான்.

மழை பலமாகப் பெய்த ஒரு வாரம் கழித்துப் பாயிடமிருந்து போன் வந்தது. அதே ரகக் கார், கிட்டத்தட்ட அதே வயது, கூரை நசுங்கி வந்திருக்கிறது என்றார். அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த வண்டியில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று கேட்டார். அப்படி ஆகியிருந்தால் எனக்கு அந்தப் பொருள் வேண்டாம் பாய், வேறு வண்டி வரட்டும், இருந்துகொள்கிறேன் என்றார். எத்தனை நெருக்கடியில் இதைச் சொன்னார் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். நின்றிருந்த வண்டிமேல் குல்மோஹர் மரம் விழுந்ததாம், உள்ளே ஆள் யாரும் இல்லையாம், பேட்டரிப் பக்கம் ஒரு கீறலும் இல்லையாம். பாய் அல்லாஹ்மேல் சத்தியம் செய்த பிறகுதான் சரி என்றார்.

அந்த மரத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கம்பெனியில் கேட்டதில் ஒரு சின்னப் பங்கில் வேலை முடிந்துவிட்டது. வண்டி புதுசு போல் ஓடவில்லை, ஆனால் பாணேரையும் வாகடையும் ஒரே நடையில் சுற்றி வந்தது.

வண்டியைக் கொடுக்கும்போது பாய் மூன்று கட்டளைகள் போட்டார். வெயிலில் நிறுத்தாதீர்கள், அடிமட்டம் வரை இறங்க விடாதீர்கள், எண்பதுக்கு மேல் ஏற்றாதீர்கள். நூறில் வைத்து வைத்துத்தான் இதைக் கிழவியாக்கிவிட்டீர்கள் என்று வேறு சொன்னார். முதல் கட்டளையை நிறைவேற்றியது நான். கூரைக்குக் கீழே இருந்த என் பார்க்கிங் இடத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, என் வண்டியை அவர் இடத்தில் வெயிலில் நிறுத்தினேன். என் வண்டி பெட்ரோல் குடிப்பதாம், அதற்கு வெயில் ஒன்றும் செய்யாதாம். சீட்டில் உட்கார்ந்தால் தொடை வெந்துபோகும், அதை யார் கேட்டார்கள்?

மூன்றாவது கட்டளையில்தான் அக்கா திணறிப்போனார். எண்பது வந்ததும் சார்ஜரைப் பிடுங்க வேண்டும். கீழே வருவார், எண்ணைப் பார்ப்பார், கையைப் பிளக்குக்குக் கொண்டுபோவார், திரும்ப எடுத்துக்கொள்வார். சாப்பிடுகிறவன் பாதியில் இருக்கும்போது இலையை எடுக்கச் சொன்னால் எப்படி என்றார். மாவு பொங்க இடம் விடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னேன். "அது மாவு அம்மிணி, இது வண்டி" என்று ஒரே வெட்டில் வெட்டிவிட்டார். கடைசியில் என்னைப் பிடுங்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சில நாள் பழகிய பிறகு அவரே பிடுங்க ஆரம்பித்தார். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் எண்பத்தொன்று காட்டியது. பிளக் மெதுவாக வருகிறது போல என்று நினைத்தேன். விசாரித்தால், முட்டையில், அதாவது பூஜ்யத்தில், முடியக் கூடாதாம். மொய் எழுதும்போது நூற்றொன்று எழுதுகிறோமே, அப்படி எண்பதுக்குமேல் ஒன்று வைக்கிறாராம். பாயிடம் போனில் புகார் செய்தேன். பாய் வெகுநேரம் சிரித்துவிட்டு, நாங்களும் மொய்யில் ஒரு ரூபாய் சேர்க்கிறவர்கள்தான், ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்.

தீபாவளிக்கு முன்னால், யாரும் எதிர்பார்க்காத ஒன்றை அக்கா செய்தார். பேட்டரிக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் மிச்சமானதைக் கொண்டு பேத்திக்கு ஒரு கம்மலும், பெங்களூருக்கு ஒரு டிக்கெட்டும் வாங்கினார். ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். மாவு வாங்குகிற எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. வண்டி ஓடுகிற தைரியத்தில்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இங்கே நிற்கும்போது, போவதற்கு என்ன பயம்?

ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தினால் வண்டியை எப்படி வைப்பது என்று பாயிடம் கேட்டோம். பாதியில் வையுங்கள் என்றார். நிறைத்து வைத்தால் கெட்டுவிடும், அடிமட்டத்தில் விட்டாலும் கெட்டுவிடும், பாதிதான் அதற்குச் சுகம். நான் அக்கா முகத்தையே பார்த்தேன். சரி பாய் என்று தலையாட்டினார். கிளம்பும் நாள் காலையில் வாகட் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஐம்பதும் ஒன்றும் காட்டுகிற இடத்தில் நிறுத்தி, மேலே பழைய போர்வையைப் போர்த்தி, நாலு பக்கமும் செருகிவிட்டார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"இப்படியே பாதியிலயே இருக்கட்டும் அம்மிணி. நீ ஒண்ணும் பண்ணாத. நானு வந்து ரொப்பிக்கறேன்."

அக்கா போன பிறகு ஒரு வாரத்துக்கு எதிர் வீட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கினோம். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம், அக்காவிடமிருந்து போன் குறைந்துகொண்டே வந்தது. பேத்தியோடு நேரம் போகிறது போல என்று சந்தோஷப்படப் பார்த்தேன், முடியவில்லை. பெங்களூரில் சீதோஷ்ணம் நன்றாக இருக்கிறது, முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாதக் கடைசியில் அக்காவின் மகன் என்னைக் கூப்பிட்டான். அதற்கு முன் அவன் என்னிடம் பேசியதில்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினான். அம்மாவுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, எல்லோரோடும் ஒட்டிக்கொண்டுவிட்டார், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம், பேத்தி அழுதே விட்டாள் என்றான். அம்மாவும் அழுதாராம். ஆனால் நாளைக்கே கிளம்புகிறேன் என்று பெட்டியை எடுத்து வைத்துவிட்டாராம்.

"என்ன காரணம்னு கேட்டா, வண்டி பாதியில நிக்குது, போய் ரொப்போணும்னு சொல்றாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு? நீங்க கொஞ்சம் கீழ போய் அதுக்குச் சார்ஜ் போட்டுட்டு, ரொம்பியாச்சுன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அவங்களுக்கு நிம்மதியாயிடும். இருந்துடுவாங்க."

நல்ல பையன். குரலிலேயே தெரிந்தது, அம்மாமேல் உயிரையே வைத்திருக்கிறான். சார்ஜர் எங்கள் மாடிப்படிக்குக் கீழே, நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. எத்தனையோ முறை என் கையாலேயே செருகிப் பிடுங்கியிருக்கிறேன்.

மின்சார வண்டி விஷயமெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி, தொடவே பயமாக இருக்கிறது, அம்மாவே வந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.